வெராபமில் போட்டும் ரோடமின் 123 மங்கலாகவே வருது: இது பம்பா, வேற கோளாறா?

தோவாளைப்பூ கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஏஎம்எல் (ஒரு வகை ரத்தப் புற்றுநோய்) மஜ்ஜை மாதிரிகள்ல, மருந்தைச் செல்லுக்கு வெளிய தள்ளுற பம்பான பி-கிளைக்கோபுரோட்டீன் வேலை செய்யுதான்னு ரோடமின் 123 சாயம் வச்சுப் பாக்கேன். செல் பிரிக்கிறது, சாயம் ஏத்துறது எல்லாம் நாகர்கோவில்ல. ஒவ்வொரு செல்லோட ஒளிர்வையும் அளக்கிற ஃப்ளோ மெஷின் திருவனந்தபுரத்துல. 488, 640 நானோமீட்டர் ரெண்டு லேசர் உள்ள மெஷின்.

செய்முறை இது. ஹெப்பாரின் மஜ்ஜையை ஃபைக்கால்ல பிரிச்சு, மி.லி.க்கு 10 லட்சம் செல் எடுத்து, ரோடமின் 1 மைக்ரோகிராம்/மி.லி. போட்டு 37 டிகிரில 60 நிமிஷம். கழுவி, 10% சீரம் உள்ள ஆர்பிஎம்ஐ-ல மறுபடி 60 நிமிஷம். ஒரு டியூப்ல பம்பைத் தடுக்கிற வெராபமில் 10 மைக்ரோமோலார், இன்னொண்ணுல ஒண்ணும் இல்ல. பிறகு சிடி34-பிஇ, சிடி45-பெர்சிபி (செல் வகையைக் காட்டுற, ஒளிரும் நிறம் ஒட்டின ஆன்டிபாடிகள்) போட்டு, 1% பாராஃபார்மால்டிஹைட்ல ஃபிக்ஸ் பண்ணி ஐஸ் பெட்டில வச்சு ரயில்ல கொண்டு போறோம். மெஷின்ல ஏத்தும்போது எப்படியும் நாலு மணி நேரம் ஆயிரும்.

மூணு மாதிரிலயும் ஒரே கதை. பிளாஸ்ட் (புற்று செல்) மங்கல். வெராபமில் டியூப்லயும் அதே மங்கல். மீடியன் 1,150-க்கு 1,240. லிம்ஃபோசைட்ல பாத்தாலும் ரெண்டு டியூபுக்கும் வித்தியாசமே இல்ல. ஆனா மெஷின் இருக்கிற இடத்துலயே டாக்ஸோரூபிசின் மருந்தை எதிர்க்கிற கே562 செல் வகையை வச்சு செஞ்சா 700-க்கு 6,100 வருது, அழகா.

வெராபமிலுக்கு அசையாத வேற பம்பு, எம்ஆர்பி1 மாதிரி, இந்த நோயாளிகள்கிட்ட இருக்குன்னு எடுத்துக்கலாமா?

---

வேளிமலை:

எடுத்துக்காதீங்க. உங்க கேள்விலயே பதில் கிடக்கு: லிம்ஃபோசைட்ல வித்தியாசம் இல்லைன்னு எழுதியிருக்கீங்கல்லா, அதுதான்.

சிடி8 டி செல்லும் சிடி56 உள்ள என்கே செல்லும் எந்த மனுஷன் ரத்தத்துலயும் பி-கிளைக்கோபுரோட்டீன் வச்சிருக்கும். தடுப்பான் இல்லாத டியூப்ல லிம்ஃபோசைட் கேட்டுக்குள்ள (அந்த செல்லை மட்டும் பிரிச்சுப் பாக்கப் படத்துல போடுற எல்லை) ஒரு மங்கல் முகடு தனியாப் பிரியணும், தடுப்பான் டியூப்ல அது பளிச் பக்கம் திரும்பிப் போகணும். மாதிரிக்குள்ளேயே ஓசியில கிடைக்கிற கன்ட்ரோல் அது. அது அசையலைன்னா அந்த ஓட்டமே செல்லாது. பிளாஸ்டைப் பத்தி 'இருக்கு'ன்னும் சொல்ல முடியாது, 'இல்லை'ன்னும் சொல்ல முடியாது.

ஏன் அசையலை? ஃபிக்ஸ் பண்ணினதால. ரோடமின் 123 செல்லுக்குள்ள எதோடயும் வேதியியலா ஒட்டிக்கிறது கிடையாது. நேர்மின்னேற்றம் உள்ள சாயம். மைட்டோகாண்ட்ரியா சவ்வோட மின்னழுத்தம் இழுத்து வச்சிருக்கிறதாலதான் உள்ள நிக்கு. பாராஃபார்மால்டிஹைட் பட்டதும் அந்த அழுத்தம் போச்சு, சாயம் கசியும். பம்பு உள்ள செல், இல்லாத செல், வெராபமில் டியூப், வெறும் டியூப் எல்லாம் ஒரே மட்டத்துக்கு இறங்கிரும். நீங்க அளந்தது நாலு மணி நேரக் கசிவை. கே562 நல்லா வந்ததுக்குக் காரணம் அதை ஃபிக்ஸ் பண்ணாம உடனே ஓட்டினது.

ஃபிக்ஸ் பண்ணாம ஐஸ்ல கொண்டு போகலாமேன்னு அடுத்துத் தோணும். அதுவும் வேண்டாம். குளிர்ல பம்பு கிட்டத்தட்ட நிக்கும், ஆனா சாயம் மெள்ள வெளியேறிக்கிட்டுதான் இருக்கும். சாயம் ஏத்தின செல்லை ஐஸ்ல வச்சு ஒரு மணி நேரத்துக்குள்ள மெஷின்ல ஏத்தணும். எரணியல், குழித்துறை, பாறசாலைன்னு நின்னு போற வண்டில அது நடக்காது.

அதனால கொண்டு போக வேண்டியது மஜ்ஜையை, சாயம் ஏத்தின செல்லை இல்ல. ஹெப்பாரின் டியூப்ல அப்படியே, 20–24 டிகிரில. பச்சை மாதிரியை ஐஸ்ல வைக்காதீங்க. மே மாசத்துல கார் டிக்கிலயும் வைக்காதீங்க. தெர்மோகோல் பெட்டில அறை வெப்பநிலைக்கு வந்த ஜெல் பேக் ரெண்டு போட்டா போதும். அன்னைக்கே செய்றது உத்தமம், 24 மணி நேரம் தாண்டினா செய்யவே வேண்டாம். ஃபைக்கால்ல இருந்து கடைசி வரை எல்லாத்தையும் மெஷின் பக்கத்துலயே வச்சுக்கங்க.

இன்னும் ரெண்டு திருத்தம். ரோடமின் 1 மைக்ரோகிராம் அதிகம், அது ஏறத்தாழ 2.6 மைக்ரோமோலார். அந்த அளவுல மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள சாயம் நெருங்கி ஒண்ணோட ஒளியை ஒண்ணு அணைச்சிரும், பம்பும் திணறும். 200 நானோகிராம்/மி.லி., 20–30 நிமிஷம். எத்தனால்ல 1 மி.கி./மி.லி. ஸ்டாக் செஞ்சு மைனஸ் 20-ல, இருட்டுல வையுங்க. அதை நூறு மடங்கு நீர்த்தா 10 மைக்ரோகிராம்/மி.லி.; அதுல 20 மைக்ரோலிட்டர், ஒரு மி.லி. செல்லுக்கு.

வெராபமில் 10 மைக்ரோமோலார் கே562-க்குப் போதும்னாலும் சீரத்துல பெரும்பகுதி புரதத்தோட ஒட்டிக்கும். 50 வரை ஏத்தினா செல்லே வாட ஆரம்பிக்கும். சைக்ளோஸ்போரின் ஏ 2.5 மைக்ரோமோலார் நம்பகமானது. எத்தனால்ல 3 மி.கி./மி.லி. ஸ்டாக் செஞ்சா அது 2.5 மில்லிமோலார், மி.லி.க்கு 1 மைக்ரோலிட்டர் போட்டாப் போதும். தடுப்பான் இல்லாத டியூப்லயும் வெறும் எத்தனால் 1 மைக்ரோலிட்டர் போட மறக்காதீங்க.

---

முட்டம் கலங்கரை:

வேளிமலை அண்ணன் சொன்னதோட, நிறத் தேர்வையும் மாத்தணும். ரோடமின் 123-ஐ 488 லேசர் தூண்டும், 530/30 ஃபில்டர்ல படிப்போம். அதோட ஒளி பிஇ சேனலுக்குள் பெருவாரியாக வழியும். உங்கள் சிடி34 அதே பிஇ-யில் இருக்கிறது. சாயம் நிறைந்த செல்லெல்லாம் சிடி34 பாசிட்டிவ் போலத் தெரியும். காம்பன்சேஷனை (வழிந்த ஒளியைக் கழிக்கும் திருத்தம்) இழுத்து இழுத்துச் சரி செய்தால் மங்கலான சிடி34 செல் காணாமல் போகும். எந்த செல்லை அளக்கிறோம் என்பதே சாயத்தின் அளவைப் பொறுத்து மாறினால் அந்த அளவுக்கு அர்த்தமில்லை.

இரண்டு லேசர் மெஷினுக்கு என் பரிந்துரை: ரோடமின் 530-இல், பிஇ சேனல் காலி, செத்த செல்லைக் காட்டும் 7-ஏஏடி மூன்றாவது சேனலில், சிடி34-ஏபிசி, சிடி45-ஏபிசி-ஹெச்7. பெர்சிபியும் 7-ஏஏடியும் ஒரே இடத்தில் மோதும், எனவே சிடி45-ஐ சிவப்பு லேசருக்குத் தள்ள வேண்டும். சிடி34 இல்லாத ஏஎம்எல் என்றால் அந்த ஏபிசி இடத்தில் சிடி117 அல்லது சிடி33.

7-ஏஏடி-யை விட்டுவிடாதீர்கள். செத்த செல் ரோடமினைப் பிடித்து வைக்காது. ஹிஸ்டோகிராமில் அதுவும் பம்பு அடித்த செல்லும் ஒரே இடத்தில்தான் உட்காரும். ரயிலில் வந்த மஜ்ஜையில் செத்த செல் கூடுதலாக இருக்கும் என்பதை முன்கூட்டியே எதிர்பார்க்கலாம். சாகத் தொடங்கி சவ்வு இன்னும் கிழியாத செல்லும் மின்னழுத்தத்தை இழந்திருக்கும். அதை 7-ஏஏடி பிடிக்காது. அங்கேதான் தடுப்பான் டியூப் காப்பாற்றும்: பம்பால் மங்கியது தடுப்பானில் திரும்பும், சாவால் மங்கியது திரும்பாது.

டியூப்கள் இப்படி இருக்கட்டும், ஒவ்வொன்றிலும் 5 லட்சம் செல். முதலாவது எதுவும் போடாத செல். இரண்டாவது ஆன்டிபாடியும் 7-ஏஏடியும் மட்டும், ரோடமின் இல்லாமல். மூன்றாவது சாயம் ஏற்றியதும் நேராக ஐஸுக்குப் போவது, அதாவது தொடக்க நேர டியூப். நான்காவது 37 டிகிரியில் சாய வெளியேற்றம், தடுப்பான் இல்லாமல். ஐந்தாவது அதே வெளியேற்றம், சைக்ளோஸ்போரினுடன். இதில் சாயம் ஏற்றும்போதே தடுப்பானைச் சேர்த்து, வெளியேற்றத்திலும் தொடர வேண்டும். ஏனென்றால் பலமான பம்பு சாயம் ஏறும்போதே அடித்து வெளியே தள்ளிவிடும். பிறகு தடுப்பான் போட்டாலும் உள்ளே இல்லாததைக் காட்ட முடியாது. ஆறாவது 4 டிகிரி வெளியேற்றம், இது விருப்பம்.

படிக்கும் விதம் (எண்கள் டியூப் வரிசை): மூன்று பளிச், நான்கு மங்கல், ஐந்து பளிச் என்றால் பம்பு. மூன்று மட்டும் பளிச், நான்கும் ஐந்தும் மங்கல் என்றால் கசிவு, அல்லது தடுப்பான் செத்துவிட்டது. அதே பாட்டிலில் இருந்து எடுத்த சைக்ளோஸ்போரின் கே562 எதிர்ப்புச் செல்லில் வேலை செய்கிறதா என்று பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். மூன்றே மங்கல், ஐந்து பளிச் என்றால் பம்பு பலமானது. மூன்றும் ஐந்தும் சேர்ந்து மங்கல் என்றால் சாயமே ஏறவில்லை.

கணக்குக்கு மீடியன் எடுங்கள், சராசரி வேண்டாம். ஒரு சில மிகப் பளிச்சான செல் சராசரியைத் தூக்கிவிடும். நான்காவது டியூப் 620, ஐந்தாவது 2,480 என்றால் விகிதம் 4.0, சதவீதமாக (2,480 − 620) ÷ 2,480, அதாவது 75. ஆனால் எண்ணை மட்டும் நம்பக்கூடாது. பிளாஸ்டில் பத்தில் ஒரு பங்கு மட்டும் பம்பு வைத்திருந்தால் மீடியன் அசையாது, படத்தில் இடதுபக்கம் ஒரு வால் தெரியும். சிகிச்சைக்குப் பிறகு தப்பி நிற்கக்கூடியது அந்த வால்தான். இதற்காகத்தான் பழைய ஆய்வுகள், இரண்டு ஹிஸ்டோகிராம் எவ்வளவு விலகியுள்ளன என்று அளக்கும் கோல்மகரோவ்-ஸ்மிர்னோவ் டி மதிப்பைப் பிடித்துக்கொண்டன: பி-கிளைக்கோபுரோட்டீனைப் பிடிக்கும் எம்ஆர்கே16 ஆன்டிபாடிக்கு 0.15க்குக் கீழ் நெகட்டிவ், 0.15–0.19 மங்கல், 0.20–0.29 நடுத்தரம், 0.30 முதல் பளிச். அந்த எல்லைகளை உங்கள் ரோடமினுக்கு அப்படியே தூக்கி வைக்காதீர்கள். சாதாரண மஜ்ஜைகளை ஓட்டி உங்கள் எல்லையை நீங்களே வரைய வேண்டும்.

---

பழையாறு:

அக்கா சொன்ன கேட்டிங் சரி. மெஷினுக்கு முன்னாடி நடக்கிற சில்லறைத் தப்புகளை நான் சொல்லுதேன், பாதிப் பேருக்கு இங்கதான் போகுது.

வெளியேற்றம் நடக்கிற 60 நிமிஷமும் நிஜமா 37 டிகிரியா இருக்கணும். கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர்ல குளிர்ந்த டியூபை வச்சா, உள்ள இருக்கிற திரவம் சூடேறவே கால் மணி நேரம் ஓடிரும். வாட்டர் பாத் நல்லது, மீடியத்தையும் முன்னாடியே சூடாக்கி வச்சுக்கணும். கரண்ட் போயிட்டா பம்பு மெதுவாகும், அந்த ஓட்டத்தைத் தூக்கிப் போட்டுருங்க. பம்புக்கு ஏடிபி வேணும், ஏடிபி-க்கு குளுக்கோஸ் வேணும். வெறும் பிபிஎஸ்-ல வெளியேற்றம் வைக்கிறவங்க இருக்காங்க, அது பம்பைப் பட்டினி போட்ட கணக்கு.

60 நிமிஷம் முடிஞ்சதும் டியூபை ஐஸும் தண்ணியும் கலந்த தட்டுல முக்கணும். ஐஸ் பேக் மேல சாய்ச்சு வச்சா அடிப்பக்கம் மட்டும்தான் குளிரும். சென்ட்ரிஃபியூஜ் 4 டிகிரி, 300 ஜி, 5 நிமிஷம். ஆன்டிபாடி 15–20 நிமிஷம் ஐஸ்லயே. அறை வெப்பநிலையில போட்டா பம்பு வேலையை விடாது, நாலாவது டியூப் இன்னும் இறங்கும்.

சிவப்பணு மிச்சம் இருந்தா அம்மோனியம் குளோரைடு லைஸ் (சிவப்பணுவை உடைக்கிறது): ஒரு லிட்டருக்கு அம்மோனியம் குளோரைடு 8.26 கிராம், பொட்டாசியம் பைகார்பனேட் 1 கிராம், இடிடிஏ 0.037 கிராம். சாயம் ஏத்துறதுக்கு முன்னாடி செய்யணும். ரெடிமேடா வர்ற பல லைசிங் கரைசல்ல ஃபார்மால்டிஹைட் கலந்திருக்கும்; லேபிளைப் படிக்காம ஊத்தினா உங்க இப்போதைய கதை மறுபடியும்.

எதிர்ப்பு கே562-ஐ டாக்ஸோரூபிசின்ல வளத்துக்கிட்டே இருந்து அப்படியே சோதனைக்கு எடுக்காதீங்க. டாக்ஸோரூபிசின் தானே 488-ல ஒளிரும், 590 பக்கம். பம்பையும் அதுவே அடைச்சுக்கும். ஒரு வாரம் மருந்தில்லாம வளத்துட்டு எடுங்க. மாசக்கணக்கா மருந்தில்லாம விட்டாலும் பம்பு குறைஞ்சிரும். கூடவே சாதாரண கே562-ஐயும் ஒவ்வொரு தடவையும் ஓட்டுங்க. மருந்து காட்டாமலே பம்பு வச்சிருக்கிற செல் வேணும்னா கேஜி1ஏ.

மெஷின்ல ஏத்துற வரிசையும் முக்கியம். ரோடமின் டியூபிங்ல ஒட்டிக்கிற சாயம். மங்கல்ல ஆரம்பிச்சு பளிச்சுக்குப் போங்க, தடுப்பான் டியூப் கடைசி. அடுத்த நோயாளிக்கு முன்னாடி ப்ளீச், பிறகு தண்ணி, பிறகு வெறும் செல் ஒரு டியூப் ஓட்டி, பின்னணி பழைய இடத்துக்கு வந்துட்டான்னு பாத்துட்டு மேல போங்க.

---

தோவாளைப்பூ:

நன்றி அண்ணே, அக்கா. லிம்ஃபோசைட்டைத் திரும்பிப் பாக்கவே தோணலை. ரெண்டு கேள்வி மட்டும். மெஷின் நேரம் கிடைக்காத நாள்ல நாகர்கோவில்லயே ஆன்டிபாடி மட்டும் போட்டு ஃபிக்ஸ் பண்ணி அனுப்பலாமா? எம்ஆர்பி1-ஐயும் பிசிஆர்பி-ங்கிற இன்னொரு பம்பையும் எப்படிப் பிரிக்கிறது?

---

முட்டம் கலங்கரை:

ஆன்டிபாடி மட்டும் என்றால் தாராளமாக. அது பிணைந்து நிற்கும் விஷயம். 1% பாராஃபார்மால்டிஹைடில் ஃபிக்ஸ் செய்து, இருட்டில் 4 டிகிரியில், மறுநாள் ஓட்டலாம். செல்லின் வெளிப்பக்கத்தைப் பிடிக்கும் குளோன் வேண்டும்: எம்ஆர்கே16, யுஐசி2, 4ஈ3, 15டி3. சி219-உம் ஜேஎஸ்பி-1-உம் உள்பக்கத்தைப் பிடிப்பவை, சவ்வைத் துளைக்காமல் போட்டால் ஒன்றும் காட்டாது. துளைத்துப் போட்டாலும் சி219 வேறு புரதங்களையும் பிடிக்கும்.

மோனோசைட் சாயல் உள்ள பிளாஸ்ட் எந்த ஆன்டிபாடியையும் அதன் வால் பகுதியான எஃப்சி வழியாகப் பிடித்துக்கொள்ளும். மனித ஐஜிஜி வைத்து 10 நிமிடம் அடைத்துவிட்டு ஆன்டிபாடி போடுங்கள், ஐசோடைப் டியூபை (எதையும் குறிவைக்காத ஆன்டிபாடி போட்ட கன்ட்ரோல்) விடாதீர்கள்.

ஆனால் புரதம் இருப்பதும் பம்பு அடிப்பதும் ஒன்றல்ல. ஆன்டிபாடி பாசிட்டிவ், வெளியேற்றம் நெகட்டிவ் என்று வரும். வெளியேற்றம் இருக்கும், ஆன்டிபாடி ஒன்றும் காட்டாது, அப்போது வேறு பம்பைத் தேட வேண்டும். ஆன்டிபாடி முடிவை வெளியேற்ற முடிவின் கட்டத்தில் எழுதாதீர்கள்.

---

வேளிமலை:

பம்புகளைப் பிரிக்கிறதுக்கு: ஒரு சாயத்துல மூணையும் பாக்க முடியாது. ரோடமின் முக்கியமா பி-கிளைக்கோபுரோட்டீனுக்கு. எம்ஆர்பி1 அதைக் கொஞ்சம் தள்ளும், இயல்பான பிசிஆர்பி தள்ளாது. 482-வது இடத்துல அமினோ அமிலம் மாறின பிசிஆர்பி தள்ளும், ஆனா அது மருந்துல வளத்த செல் வகைகள்ல பாத்தது.

எம்ஆர்பி1-க்கு கால்சின்-ஏஎம், 0.25 மைக்ரோமோலார், 37 டிகிரில 15 நிமிஷம். இது சாமர்த்தியமான சாயம். வெளிய இருக்கும்போது ஒளிராது, செல்லுக்குள்ள எஸ்டரேஸ் வெட்டினதும் பச்சையா ஒளிரும். பி-கிளைக்கோபுரோட்டீனும் எம்ஆர்பி1-உம் வெட்டுறதுக்கு முன்னாடியே சவ்வுலயே பிடிச்சு வெளிய தள்ளும். வெட்டின கால்சினைத் தள்ளுறது எம்ஆர்பி1 மட்டும். சைக்ளோஸ்போரின் எம்ஆர்பி1-ஐயும் ஓரளவு தொடும். அதனால மூணு டியூப் வையுங்க: தடுப்பான் இல்லாதது, பி-கிளைக்கோபுரோட்டீனுக்கு பிஎஸ்சி-833, எம்ஆர்பி1-க்கு எம்கே-571 (25–50 மைக்ரோமோலார்).

நம்ம கடலோரக் காத்துக்கு கால்சின்-ஏஎம் ஆகாது. ஈரம் பட்டா குப்பிக்குள்ளேயே கால்சினா உடைஞ்சிரும், பின்னணி ஏறும். மைனஸ் 20-ல இருந்து எடுத்ததும் திறக்காதீங்க. அறை வெப்பநிலைக்கு வந்து வெளிப்பக்கம் வியர்வை காஞ்ச பிறகு திறங்க. 50 மைக்ரோகிராம் குப்பில உலர்ந்த டிஎம்எஸ்ஓ 50 மைக்ரோலிட்டர் போட்டா 1 மில்லிமோலார். 5 மைக்ரோலிட்டரா பிரிச்சு வச்சு, ஒரு தடவை உருகினதை மறுபடி உறைய வைக்காதீங்க.

பிசிஆர்பி-க்கு மைட்டோசான்ட்ரோன் இல்லன்னா ஃபியோஃபார்பைடு ஏ, தடுப்பான் கேஓ143, 1 மைக்ரோமோலார். ரெண்டு சாயமும் சிவப்பு லேசர்ல 670 பக்கம், அதாவது ஏபிசி சேனல்ல உக்காரும். அங்க மட்டும் சிடி34 பிஇ-க்குத் திரும்பலாம்.

ஒண்ணு மட்டும் டாக்டர்கிட்ட முடிவு குடுக்கும்போது மனசுல வச்சுக்கங்க. டானோரூபிசின், மைட்டோசான்ட்ரோன், எட்டோபோசைடு, வின்கிரிஸ்டின் எல்லாம் பி-கிளைக்கோபுரோட்டீன் தள்ளுற மருந்து. சைட்டரபின் அதுல இல்ல. ஏஎம்எல் சிகிச்சைல பாதி சுமை சைட்டரபின் மேல. பம்பைத் தடுக்கிற மருந்துகளைச் சேர்த்து நடந்த பெரிய சோதனைகள்ல, 2001-ல வெளிவந்த சைக்ளோஸ்போரின் சோதனை பலன் காட்டுச்சு. பிஎஸ்சி-833, சோசுகிடார் சோதனைகள் எதிர்பார்த்த பலனைக் குடுக்கல. ஆகவே 'பம்பு பாசிட்டிவ்' முடிவை வச்சு மருந்தை மாத்துற இடத்துல நாம இல்ல. ஆய்வு முடிவுன்னு தாள்லயே எழுதிக் குடுங்க.

---

தோவாளைப்பூ:

கடைசியா ஒண்ணு. சில நாள் மஜ்ஜை ரொம்பக் கம்மியா வருது, பிரிச்சா 15 லட்சம் செல்தான் தேறுது. ஆறு டியூபுக்கு எப்படிப் பங்கு வைக்கிறது?

---

பழையாறு:

4 டிகிரி டியூபை முதல்ல விடுங்க. ஒண்ணு, ரெண்டுக்கு ஒரு லட்சம் போதும். மிச்சத்தை மூணு, நாலு, அஞ்சுக்கு சமமா, ஒண்ணுக்கு நாலு லட்சம்னு வையுங்க. செல் குறைஞ்சா சாயத்தோட கன அளவையும் குறைக்கணும், செறிவு அப்படியே இருக்கட்டும்: 0.4 மி.லி.க்கு 200 நானோகிராம்/மி.லி., அதாவது நீர்த்த கரைசல்ல 8 மைக்ரோலிட்டர். செல்லை மட்டும் குறைச்சு ஒரு மி.லி.லயே வச்சா ஒவ்வொரு செல்லுக்கும் சாயம் கூடுதலாப் போயி மத்த நாள் முடிவோட ஒத்துப் பாக்க முடியாது. நாலு, அஞ்சு ரெண்டுலயும் கேட்டுக்குள்ள உயிருள்ள பிளாஸ்ட் 500-ஆவது சேரலைன்னா 'மாதிரி போதாது'ன்னு எழுதுங்க. கழுவும்போது பிப்பெட்டால அடி வரை உறிஞ்சாம, கவிழ்த்து ஊத்தாம, அடில 50 மைக்ரோலிட்டர் மிச்சம் வச்சு எடுங்க. 15 லட்சத்துல காணாமப் போற செல்லெல்லாம் அந்த மூணு தடவை கழுவுறதுலதான் போகுது.

---

முட்டம் கலங்கரை:

பிப்பெட்டால் உறிஞ்சலாம், நுனியை அடியில் வைக்காமல் மேல்மட்டத்தைப் பின்தொடர்ந்து இறக்கினால் போதும். மற்றதெல்லாம் சரி.